ஆட்சேபணை இல்லை

1990 பிப்ரவரி 6-ஆம் தேதி உத்தரப் பிரதேச அரசு எல்லா மாவட்டங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாவட்ட நீதிமன்றங்களில் அரசுக்காக ஆஜராகும் வக்கீல்கள் அனைவரின் நியமனமும் அந்த மாதம் 28-ஆம் தேதியோடு முடிகிறது, புது ஆட்களுக்கான பட்டியலைத் தயார் செய்யுங்கள் என்பது அதன் சாரம். சிவில், கிரிமினல், ரெவின்யூ என்று எந்தப் பிரிவும் தப்பவில்லை. பதவிக்காலம் பாக்கி இருந்தவர், முடிந்து புதுப்பிப்புக்குக் காத்திருந்தவர், நன்றாக வேலை செய்தவர், செய்யாதவர் எல்லோரும் ஒரே காகிதத்தில் வீட்டுக்குப் போனார்கள். அப்போது உத்தராகண்ட் தனி மாநிலம் ஆகவில்லை. டேராடூனிலிருந்து பல்லியா வரைக்கும் ஒரே உத்தரவு.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1989 டிசம்பரில், அங்கே காங்கிரஸ் ஆட்சி போய் முலாயம் சிங் யாதவ் முதல்வராகியிருந்தார். சுற்றறிக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அரசு வழக்குகளைச் செம்மையாக நடத்தத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். ஒரு மாநிலத்தின் அத்தனை மாவட்டத்திலும் அத்தனை வக்கீலும் ஒரே நாளில் உதவாக்கரை ஆகிவிட்டார்களா என்று கேட்டால் பதில் இல்லை.

நீக்கப்பட்டவர்கள் அலகாபாத் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். அங்கிருந்து சுப்ரீம் கோர்ட். 1990 செப்டம்பர் 20 அன்று நீதிபதி ஜே.எஸ். வர்மா எழுதிய தீர்ப்பு வந்தது. குமாரி ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கு என்று சட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். இன்றைக்கு இதைப் பெரும்பாலும் அரசு ஒப்பந்தங்களைப் பற்றிய வழக்குகளில் மேற்கோள் காட்டுகிறார்கள். அரசு கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலும் அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு எட்டிப் பார்க்கும் என்று அது சொன்னது. அதனால், வக்கீல்கள் தங்கள் வேலைக்காகப் போட்ட வழக்கு அது என்பது பலருக்கும் மறந்துவிட்டது.

அரசின் வாதம் எளிமையானது. வக்கீலுக்கும் கட்சிக்காரனுக்கும் உள்ள உறவு இது. எனக்குப் பிடிக்கவில்லை, வக்காலத்தை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுக்கிறேன், இதில் கோர்ட்டுக்கு என்ன வேலை? நியமன உத்தரவிலேயே, காரணம் எதுவும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்று இருக்கிறதே?

வர்மா இதற்குச் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. காரணம் சொல்லாமல் நீக்கலாம் என்றால், காரணத்தை உன்னிடம் தெரிவிக்க வேண்டியதில்லை என்று பொருள். காரணமே இல்லாமல் நீக்கலாம் என்று பொருள் இல்லை. தமிழில் இதைச் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்குகிறது. ‘சொல்லாமல்’ வேறு, ‘இல்லாமல்’ வேறு. கோர்ட் கேட்டால் எடுத்துக் காட்ட ஃபைலில் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். மாவட்ட அரசு வக்கீல் என்பது தனியார் வேலை மாதிரி இல்லை, அதில் பொது அம்சம் இருக்கிறது என்று சொல்லி சுற்றறிக்கையை ரத்து செய்தது கோர்ட்.

அந்தப் பொது அம்சம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பப்ளிக் பிராசிக்யூட்டரை எப்படி நியமிக்க வேண்டும் என்று சொன்னது. குறைந்தது ஏழு வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது நம் ஊர்க் கணக்கில் கலெக்டர், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்துகொண்டு பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத ஆளை அரசு நியமிக்க முடியாது. ஹைகோர்ட்டுக்கான ஆள் என்றால் ஹைகோர்ட்டைக் கலக்க வேண்டும். இது போக உத்தரப் பிரதேசத்தில் லீகல் ரிமெம்பிரன்சர் மேனுவல் என்று ஒரு கையேடு உண்டு. முதலில் ஒரு வருஷம், பிறகு மூன்று வருஷம், புதுப்பிக்கும்போது ஜில்லா ஜட்ஜின் அபிப்பிராயம் என்று அதில் எல்லாம் எழுதியிருந்தது. பிரிட்டிஷ்காரன் காலத்து வாசனை அடிக்கும் புத்தகம்தான். ஆனால் தினமும் அந்த வக்கீல் எப்படி வாதாடுகிறார் என்று மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் நீதிபதி. அவரிடம் ஒரு வார்த்தை கேள் என்பது நியாயமான யோசனை.

தோற்ற அரசு என்ன செய்தது? 1991-ல் உத்தரப் பிரதேச சட்டமன்றம் இந்த 24-ஆவது பிரிவைத் தன் மாநிலத்துக்கு மட்டும் திருத்தியது. ஹைகோர்ட்டைக் கலக்க வேண்டும் என்ற சொற்கள் எடுக்கப்பட்டன. கலெக்டரும் செஷன்ஸ் நீதிபதியும் சேர்ந்து பட்டியல் போடுகிற உட்பிரிவுகளும் எடுக்கப்பட்டன. தீர்ப்பு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

இரண்டாவது அடி சுப்ரீம் கோர்ட்டிடமிருந்தே வந்தது. இதுவும் உத்தரப் பிரதேசம்தான். ஆனால் இந்த முறை மாவட்டத்து வக்கீல்கள் இல்லை, அலகாபாத் ஹைகோர்ட்டில் அரசுக்காக ஆஜரானவர்கள். அவர்களையும் 1990-ல் மொத்தமாக மாற்றினார்கள். ஹைகோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. 1993 டிசம்பரில் நீதிபதி பி.பி. சாவந்த் அந்தத் தீர்ப்பைத் தலைகீழாகத் திருப்பினார். இவர்களை எடுத்தபோது விளம்பரம் இல்லை, போட்டி இல்லை, முறை எதுவும் இல்லை. கொல்லைப்புறமாக வந்தவர்கள் கொல்லைப்புறமாகத்தான் போக வேண்டும் என்பது அவர் சொன்னதன் சுருக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். முறைப்படி ஆள் எடுத்த அரசு, அந்த ஆளை நீக்கக் காரணம் காட்ட வேண்டும். முறையில்லாமல் எடுத்த அரசு எதையும் காட்ட வேண்டாம். அப்படியானால் எந்த அரசு விதிகளை எழுதிவைக்கும்?

1979-லேயே வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்தச் சங்கடத்தைத் தொட்டிருக்கிறார். பீகாரில் ஒரு அரசு பிளீடர், தனக்கு வர வேண்டிய நில ஆர்ஜித வழக்குகளை வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று வழக்குப் போட்டார். நில ஆர்ஜிதத்தில் கட்டணம் கொழுத்தது. கிருஷ்ணய்யர் அவருக்கு நிவாரணம் தரவில்லை. ஆனால் அரசு வக்கீல் பதவிகளை அரசியல் காரணங்களுக்காக விளையாட்டுச் சாமானாக்கக் கூடாது என்று தனக்கே உரிய நடையில் அரசுக்குப் புத்தி சொன்னார். மனுவைத் தள்ளு, அரசுக்குப் புத்தி சொல். இந்த வகை வழக்குகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிந்திருக்கின்றன. 2004-ல் மீரட் மாவட்டத்திலிருந்து வந்த ஜோஹ்ரி மால் வழக்கிலும் இதே கதைதான். நீதிபதி எஸ்.பி. சின்ஹா நீண்ட தீர்ப்பு எழுதினார். இது வக்கீல்–கட்சிக்காரர் உறவு, நீதிமன்றம் குறைவாகத்தான் தலையிடலாம், ஆனால் அரசு தகுதியைப் பார்த்துத்தான் நியமிக்க வேண்டும்.

எங்கள் உறவில் ஒருவர் ஜில்லா கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார். தேர்தல் முடிவு வந்த மறுநாள் கோர்ட் வளாகத்துக்குப் போனால் முகத்தைப் பார்த்தே எந்த வக்கீல் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம் என்பார். “கவர்ன்மெண்ட் மாறுதுன்னா ஜி.பி. மாறுவாரு, பி.பி. மாறுவாரு. கட்சிக்காரன் மாறினா வக்கீல் மாற வேண்டியதுதானே தம்பி?” அவருக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. உத்தரப் பிரதேச அரசு சுப்ரீம் கோர்ட்டில் சொன்னதும் இதைத்தான்.

சிவில் வழக்கில் இந்த வாதம் ஓரளவு நிற்கும். அட்வகேட் ஜெனரலைப் பொறுத்தவரை அரசியல் சாசனமே 165-ஆவது பிரிவில், ஆளுநர் விரும்பும் வரையில்தான் அவர் பதவி என்று எழுதிவிட்டது. ஆனால் கிரிமினல் வழக்கில் கட்சிக்காரன் யார்? கொலையுண்டவனின் குடும்பமா? போலீஸா? மந்திரிசபையா? சட்டத்தின் 321-ஆவது பிரிவு, பிராசிக்யூட்டர் நீதிமன்றத்தின் சம்மதத்தோடு ஒரு வழக்கை வாபஸ் வாங்கலாம் என்றது. மனுப் போடும் அதிகாரம் மந்திரிக்கு இல்லை, வக்கீலுக்குத்தான். ஆகவே மந்திரிக்கு வழக்கு வேண்டாம் என்றால், முதலில் வக்கீல் வேண்டும்.

பீகாரில் இது நடந்தது. பாட்னா நகரக் கூட்டுறவு வங்கி விவகாரத்தில் ஜகந்நாத் மிஸ்ரா மீது முந்தைய ஆட்சி வழக்குப் போட்டிருந்தது. 1980-ல் அவரே முதல்வரானார். 1981-ல் அந்த வழக்குக்குப் புதிதாக ஒரு ஸ்பெஷல் பிராசிக்யூட்டர் நியமிக்கப்பட்டார், அவர் வாபஸ் மனுப் போட்டார். வழக்கை நடத்தியே ஆக வேண்டும் என்று ஷியோநந்தன் பாஸ்வான் சுப்ரீம் கோர்ட் வரை போனார். புது வக்கீலின் நியமனமே செல்லாது என்பதும் அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. 1986 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் 3-2 என்று பிரிந்து வாபஸ் சரி என்றார்கள். எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவர் தலைமை நீதிபதி பகவதி.

வாபஸ் மனுவாவது கண்ணுக்குத் தெரியும். நாலு பேர் எதிர்க்கலாம். அதைவிட மலிவான, சத்தமில்லாத வழி ஒன்று உண்டு. எதிர்த்தரப்பு ஒரு மனுப் போடும்போது அரசு வக்கீல் எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும்: ‘ஆட்சேபணை இல்லை.’

இந்த இரண்டு வார்த்தையின் விலை என்ன என்பதற்கு இந்திய வழக்கு வரலாற்றில் ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த வழக்கை எல்லோரும் நகை, புடவை, செருப்பு என்று நினைவில் வைத்திருக்கிறோம். நான் தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் படித்தபோது எனக்கு அது அரசு வக்கீல்களைப் பற்றிய வழக்காகத்தான் தெரிந்தது.

1997-ல் குற்றப்பத்திரிகை. 1991 முதல் 1996 வரையான ஆட்சிக்காலத்தில் வருமானத்துக்கு மேல் சுமார் 66 கோடி ரூபாய்ச் சொத்து என்பது குற்றச்சாட்டு. சென்னையில் சாட்சி விசாரணை நடந்துகொண்டிருந்தது. 2001 மே மாதம் ஆட்சி மாறியது. வழக்கை நடத்திவந்த அரசு வக்கீல்கள் விலகினார்கள், புதியவர் வந்தார். ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரை மறுபடி குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. அரசு வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. வந்தவர்களில் 64 பேர் முன்பு சொன்னதற்கு மாறாகச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கும்படி அரசு வக்கீல் கேட்கவில்லை. மறு விசாரணையும் செய்யவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் வரவழைத்துக் கேட்க வேண்டிய கேள்விகளை வீட்டுக்கு அனுப்பலாமா என்றபோதும் ஆட்சேபணை இல்லை.

தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவர் நடுநிலையாளர் இல்லை, எதிர்க்கட்சிக்காரர். ஜெயலலிதா தரப்பும் அதைச் சொல்லித்தான் ஆட்சேபித்தது. ஆனால் ஊருக்கே பொதுவான ஒரு வழக்கை அரசு வக்கீல் கைவிட்டால் கோர்ட் படி ஏற எதிரியைத் தவிர யார் வருவார்கள்? 2003 நவம்பர் 18 அன்று வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. கர்நாடக ஹைகோர்ட் தலைமை நீதிபதியைக் கலந்து, கிரிமினல் அனுபவமுள்ள மூத்த வக்கீலைக் கர்நாடக அரசு நியமிக்க வேண்டும் என்று அந்த உத்தரவு சொன்னது. நீதிமன்றத்தை மட்டும் இடம் மாற்றினால் போதாது, வக்கீலையும் மாற்ற வேண்டும் என்று நீதிபதிகளுக்குப் புரிந்திருக்கிறது.

கர்நாடகத்தில் பி.வி. ஆச்சார்யா வந்தார். வாய்தா, மனு, மேல் மனு என்று வருஷங்கள் ஓடின. 2012-ல் அவர் விலகிக்கொண்டார். 2013 பிப்ரவரியில் பவானி சிங் நியமிக்கப்பட்டார். அவர் வழக்கை நடத்தும் விதம் சரியில்லை என்று அன்பழகன் தரப்பு முறையிட்டது. ஆகஸ்ட் 26 அன்று கர்நாடக அரசு பவானி சிங்கின் நியமனத்தை ரத்து செய்தது.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். அந்த ரத்தை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது பவானி சிங் இல்லை. ஜெயலலிதாவும் மற்றவர்களும். என் மீது குற்றம் சாட்டி வாதாடும் வக்கீலை மாற்றாதீர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவரே கேட்கிறார்! நான் பேசுவது பவானி சிங்கின் நேர்மையைப் பற்றி இல்லை, அதை அளக்க என்னிடம் கோல் கிடையாது. ஆனால் ஒரு கிராமத்துத் திண்ணையில் இந்தக் கதையைச் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். செப்டம்பர் 30 அன்று சுப்ரீம் கோர்ட், நீக்கம் செல்லாது என்றது. தலைமை நீதிபதியைக் கலந்து போட்ட ஆளை, கலக்காமல், காரணமில்லாமல் நீக்க முடியாது. சட்டப்படி பார்த்தால் இது ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கின் வழிதான். வர்மா வக்கீல்களுக்குக் கொடுத்த கேடயத்தை இங்கே குற்றம் சாட்டப்பட்டவர் எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். இரண்டே நாளில், செப்டம்பர் 29 அன்று, மேல்முறையீட்டிலும் பவானி சிங்கே ஆஜராகலாம் என்று தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. அக்டோபர் 7 அன்று ஜாமீன் மனு கர்நாடக ஹைகோர்ட்டில் வந்தது. பவானி சிங் முதலில் எழுத்தில் எதிர்ப்புத் தாக்கல் செய்திருந்தார். பிறகு எழுந்து, நிபந்தனை ஜாமீன் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்றார். செய்தி வெளியே பரவி, ஜாமீன் கிடைத்துவிட்டது என்று அ.தி.மு.க.வினர் பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். உள்ளே நீதிபதி சந்திரசேகரா மனுவைத் தள்ளுபடி செய்தார். அரசு வக்கீல் ஆட்சேபிக்கவில்லை என்றால் காரியம் முடிந்தது என்று தெருவில் நின்றவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பத்து நாள் கழித்து சுப்ரீம் கோர்ட் ஜாமீன் கொடுத்தது.

மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே அன்பழகன் பவானி சிங்கின் நியமனத்தை எதிர்த்து மறுபடி டெல்லி போனார். 2015 ஏப்ரல் 15 அன்று இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். நியமனம் செல்லாது, மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்றார் மதன் லோகுர். ஆர். பானுமதி செல்லும் என்றார். அவர் சுட்டியது 301-ஆவது பிரிவை. வழக்கைக் கையில் வைத்திருக்கும் பிராசிக்யூட்டருக்கு வக்காலத்தோ எழுத்து அதிகாரமோ தேவையில்லை. உங்களுக்கும் எனக்கும் வக்கீல் வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டு வக்காலத்து கொடுக்க வேண்டும், அரசு வக்கீலுக்கு அது கிடையாது. அவரை அனுப்பியது யார் என்று காட்டும் காகிதம் அவர் கையில் இருக்க வேண்டியதில்லை.

விஷயம் மூவர் அமர்வுக்குப் போனது. ஏப்ரல் 27 அன்று தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. வழக்கு கர்நாடகத்துக்கு மாறிய பிறகு அரசுத் தரப்பு என்பது கர்நாடகம் மட்டும்தான், தமிழ்நாட்டுக்கு வக்கீல் போட அதிகாரமே இல்லை, நியமனம் தவறு. ஆனால் மறு விசாரணை தேவையில்லை. கர்நாடகமும் அன்பழகனும் மறுநாளுக்குள் எழுத்து மூலமாக வாதங்களைத் தரலாம்.

ஒரே நாள். வாய்தாக்களிலேயே வருஷங்கள் தேய்ந்த வழக்கில் சட்டப்படி சரியான அரசுத் தரப்புக்கு மேல்முறையீட்டில் கிடைத்த மொத்த நேரம் அதுதான். ஆச்சார்யாவை மறுபடி கூப்பிட்டார்கள், அவர் 18 பக்கம் எழுதிக் கொடுத்தார். வாய் திறந்து வாதாட வாய்ப்பு இல்லை. அதிகாரமில்லாத ஆள் வாதாடியது தப்பு, ஆனால் வாதாடியது வாதாடியதுதான் என்பது போன்ற ஒரு தீர்ப்பு. எனக்கு லோகுர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. நோய் என்னவென்று கண்டுபிடித்துவிட்டு மருந்தை மட்டும் மறுத்த மாதிரி இருக்கிறது மூவர் அமர்வின் முடிவு.

மே 11 அன்று நீதிபதி குமாரசாமி எல்லோரையும் விடுதலை செய்தார். 919 பக்கத் தீர்ப்பு. அன்றே ஆச்சார்யா கணக்கில் பிழையைச் சுட்டிக்காட்டினார். பத்துக் கடன்களைக் கூட்டி 24 கோடியே 17 லட்சம் என்று தீர்ப்பு போட்டிருந்தது. கூட்டிப் பார்த்தால் 10 கோடியே 67 லட்சம்தான் வருகிறது. பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம். வருமானத்தைவிடச் சொத்து 8.12 சதவீதம்தான் அதிகம் என்ற கணக்கு அந்தக் கூட்டலின் மீதுதான் நின்றது.

நியமனம் தவறு என்ற தீர்ப்பால் விளைந்த ஒரே பெரிய பலன் இதற்குப் பிறகுதான் தெரிந்தது. அரசுத் தரப்பு கர்நாடகம்தான் என்று ஏப்ரலில் உறுதியாகிவிட்டதால், மேல்முறையீடு செய்யும் முடிவு பெங்களூரில் எடுக்கப்பட்டது. சென்னையில் எடுக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 பிப்ரவரி 14 அன்று சுப்ரீம் கோர்ட் டி குன்ஹாவின் தீர்ப்பை மீட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஜெயலலிதா இறந்துவிட்டார்.

இடையில், 2016 மார்ச் 30 அன்று, பஞ்சாப், ஹரியானா அரசுகளின் வக்கீல் நியமனங்களைப் பற்றி தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் ஒரு தீர்ப்புச் சொன்னார். தேவைக்கு மேல் ஆட்களை எடுத்து வேலையில்லாமல் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கணக்குத் தணிக்கை அதிகாரியே எழுதியிருந்தார். தேர்வுக் குழு வைக்க வேண்டும், பட்டியலை ஹைகோர்ட் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த இரண்டு மாநிலங்களுக்கும் உத்தரவு. மற்ற மாநிலங்களுக்கு, விரும்பினால் சீர்திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. தமிழ்நாட்டில் 2017-ல் ஹைகோர்ட் அரசு வக்கீல்களுக்கு நியமன விதிகள் வந்தன. 2021 மே மாதம் தேர்தல் முடிவு வந்ததும் அட்வகேட் ஜெனரல் ராஜினாமா செய்தார், சில நாளில் புதியவர் வந்தார். யாரும் வழக்குப் போடவில்லை.